வெட்டுறவன் மட்டுமா வீரன்?



ஆடுபுலி ஆட்டத்துல புலிதான் வீரன், ஆடுன்னா பயந்தாங்கொள்ளி. நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. காய் பிரிக்கும்போது "நான்தான் புலி, நான்தான் புலி"ன்னு அடிச்சுக்கிறாங்க. தோத்துப் போனவனுக்கு ஆடு. சின்னப் பிள்ளைகளுக்கு ஆடு. பொண்ணுங்க யாராவது "நாங்களும் வாரோம்"னு கேட்டா, கேள்வியே இல்ல, ஆடுதான். இது சரியா? இல்லைங்கிறது என் கருத்து. ஆடு பக்கம் ஆடுறதுக்குத்தான் அதிக மூளையும் அதிக துணிச்சலும் வேணும். ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க.

கட்டத்தைப் பாருங்க

டவுன்ல இருந்து வந்த பிள்ளைகளுக்காக முதல்ல கட்டத்தைச் சொல்லிடுறேன். முக்கோணம் மாதிரி இருக்கும். உச்சியில ஒரு புள்ளி. அதுல இருந்து நாலு கோடு கீழ இறங்கும். அந்த நாலு கோட்டையும் மூணு படுக்கைக் கோடு குறுக்க வெட்டும். படுக்கைக் கோட்டோட முனைங்க ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த முனைகளை அங்கிட்டு ஒரு கோடு, இங்கிட்டு ஒரு கோடு சேர்த்து வைக்கும். கடைசியில அடிக்கோடு.

இப்ப எண்ணுங்க. உச்சி 1. படுக்கைக் கோடு ஒண்ணுக்கு 6 வீதம் மூணுக்கும் 18. அடிக்கோட்டுல 4. மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15. எல்லாக் காயும் இறங்கினா 18 புள்ளி நிரம்பிரும். காலியா இருக்கிறது வெறும் 5 புள்ளிதான். இந்த 5-ஐ மறக்காதீங்க, பின்னால வரும்.

புலி கோட்டு வழியா அடுத்த புள்ளிக்கு நகரலாம். பக்கத்துல ஆடு இருந்து, அதே நேர்கோட்டுல ஆட்டுக்கு அந்தப் பக்கம் புள்ளி காலியா இருந்தா தாண்டி வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது. 15 ஆட்டையும் ஒவ்வொண்ணா இறக்கி முடிக்கிற வரைக்கும் நகரவும் முடியாது. எங்க ஊர்க் கணக்குல 6 ஆடு வெட்டுப்பட்டா புலி ஜெயிச்சது. மூணு புலியும் நகர வழியில்லாம அடைபட்டா ஆடு ஜெயிச்சது. இந்த விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

ஆட்டோட போர்த்தந்திரம்

முதல் தந்திரம்: முதுகைக் காலியா விடாதே. ஒரு ஆடு புலிக்கு முன்னால நிக்குதா? அதுக்கு ஆபத்து புலியால மட்டும் வர்றதில்ல, பின்னால இருக்கிற காலிப் புள்ளியாலதான் வருது. பின்னால இன்னொரு ஆடு நின்னுட்டா புலி அதை ஒண்ணும் செய்ய முடியாது. அதனால ஒரு ஆட்டோட பலம் அந்த ஆட்டுக்கிட்ட இல்ல, அதுக்குப் பின்னால நிக்கிறவகிட்ட இருக்கு.

இரண்டாம் தந்திரம்: முதல்ல மூலையைப் பிடி. கோடு முடியிற எடத்துல நிக்கிற ஆட்டைத் தாண்ட முடியாது, தாண்டினா இறங்க எடமில்ல. அடிக்கோட்டோட ரெண்டு முனை, பக்கவாட்டுக் கட்டத்தோட நாலு மூலை, ஆக ஆறு எடம் ஆட்டுக்குப் பத்திரம். முதல் ஆறு ஆட்டை அங்க இறக்குறவங்க புத்திசாலி. ஆனா ஒண்ணு, மூலையிலயே உட்கார்ந்திருந்தா உயிர் பிழைக்கலாம், ஜெயிக்க முடியாது. எப்பவாவது நடுவுக்கு வந்துதான் ஆகணும்.

மூன்றாம் தந்திரம்: புலியை எண்ணாதே, அது போற வழியை எண்ணு. உச்சியில இருக்கிற புலிக்கு நாலு வழி. நாலையும் அடைச்சா போதாது, தாண்டிப் போய் இறங்குற நாலு புள்ளியையும் அடைக்கணும். அப்ப ஒரு புலிக்கு எட்டுக் காய். நடுக்கட்டத்துல நிக்கிற புலிக்கும் அதே எட்டு. ஆனா மூலைக்குப் போன புலிக்கு ரெண்டே வழிதான், தாண்டி இறங்குற எடத்தோட சேர்த்து நாலே ஆடு போதும். நான் நோட்டுல கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியா எண்ணிப் பார்த்துட்டுத்தான் இதை எழுதுறேன். அதே புலி, அதே பல்லு, அதே நகம். நிக்கிற எடம் மாறினா பாதி ஆடு போதும். இதுக்குப் பேரு மூளையா, பயமா?

நான்காம் தந்திரம்: "ஒரு ஆடுதானே, போகட்டும்"னு சொல்லாதே. 5 காலிப் புள்ளி இருந்துச்சுல்ல? ஒரு ஆடு போனா அது 6 ஆகும். ரெண்டு போனா 7. செத்தது ஒரு ஆடா இருக்கலாம், ஆனா அந்தக் காலி எடத்தால அதுக்கு முன்னால நின்ன ஆட்டுக்கும் முதுகு போச்சு. முதல் ஆடு விழுந்த உடனே ரெண்டாவது ஆடு விழுறதைக் கவனிச்சுப் பாருங்க, அது விதியில்ல, கணக்கு.

"சினிமாவுல ஹீரோ ஒத்த ஆளா பத்துப் பேரை அடிக்கலையா?"ன்னு பையனுங்க கேப்பாங்க. அடிக்கிறார்தான். ஆனா அந்தப் பத்து அடியாளுங்களும் ரேஷன் கடையில மாதிரி வரிசையில நின்னு, ஒருத்தன் அடி வாங்கி முடிச்ச பிறகுதானே அடுத்தவன் வர்றான்? பத்துப் பேரும் ஒரே நேரத்துல சுத்தி நின்னா ஹீரோ என்ன ஆவார்? புளியங்கொட்டை ஆட்டுக்கு இருக்கிற அறிவு அந்த அடியாளுங்களுக்கு இல்ல.

வெளிநாட்டு மேஜையிலும் இதே பாடம்

ஆடுபுலி நமக்கு மட்டும் சொந்தமில்ல. கர்நாடகாவுலயும் ஆந்திராவுலயும் இதே மாதிரி ஆட்டம் இருக்கு. நேபாளத்துல பாக்சால்னு பேரு, அங்க 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. எங்க பெரியப்பா மகன் பெங்களூருல காலேஜ் படிக்கிறாங்க. அந்த அண்ணன் பரீட்சை லீவுக்கு வந்தப்ப வேற ஒரு ஆட்டத்தைப் பத்திச் சொன்னாங்க. பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன்னு ரெண்டு பேர் சேர்ந்து வெளியிட்டது. ஒருத்தர் கதை சொல்வாராம். மேஜையைச் சுத்தி இருக்கிற மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்களாம். ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் வைத்தியம் பாக்குற பூசாரி, ஒருத்தர் கவசம் போட்ட போர்வீரன். அடி விழுந்துச்சா இல்லையான்னு 20 முகம் இருக்கிற பகடையை உருட்டிப் பாப்பாங்களாம்.

அதுல போர்வீரன் பாத்திரத்தைப் பத்தி அண்ணன் சொன்னதுதான் எனக்குப் பிடிச்சுச்சு. புதுசா ஆடுறவங்க வாளைத் தூக்கிட்டுத் தனியா முன்னால ஓடுவாங்களாம். எதிரிங்க நாலு பக்கமும் சூழ்ந்துக்குவாங்க, அதோட கதை முடிஞ்சது. ஆடிப் பழகினவங்க வாசப்படியிலயோ குறுகலான சந்துலயோ போய் நிப்பாங்களாம். அங்க எத்தனை எதிரி வந்தாலும் ஒரு நேரத்துல ஒருத்தன் ரெண்டு பேர்தான் மோத முடியும். உடம்புல தெம்பு கம்மியான மந்திரவாதி பின்னால பத்திரமா இருந்து தன் வேலையைப் பாப்பான். பக்கத்துல நிக்கிற போர்வீரனை விட்டு விலகி ஓடுற எதிரிக்கு ஒரு அடி போடலாம்னு இப்ப ஆடுற விதியில இருக்காம். அதனால அவன் நிக்கிற எடமே ஒரு வேலி மாதிரி. "எத்தனை பேரை வெட்டினேன்னு பாக்கிறவன் கத்துக்குட்டி, எத்தனை பேரைக் காப்பாத்தினேன்னு பாக்கிறவன்தான் போர்வீரன்"னு அண்ணன் சொன்னாங்க. இதைத்தான் எங்க அப்பத்தா ஆடு இறக்கும்போது ஒரே வரியில சொல்லும்: "முன்னுக்க போறவ பின்னுக்க ஒரு பார்வை பாத்துட்டுப் போ."

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்க பகடை இருக்கு. நம்ம ஆடுபுலியில பகடை கிடையாது. தாயத்துல தோத்தா "விழுகல"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆடுபுலியில அந்தச் சாக்கு செல்லாது. தோத்தா நம்ம யோசிச்சது பத்தலைன்னு அர்த்தம்.

நம்ம மண்ணு என்ன சொல்லுது?

"போர்னா பாயணும், வெட்டணும், அதுதான் தமிழன் வீரம்"னு சிலர் பேச்சுப்போட்டியில கை ஓங்கிப் பேசுறாங்க. அவங்களுக்கு ஒரு செய்தி. நம்ம தேனி மாவட்டத்துல ஆண்டிபட்டி வட்டத்துல புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர் இருக்கு. (ஊர்ப் பேர்லயே புலி!) அங்க 2006-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க நடுகல் கண்டுபிடிச்சாங்க. அதுல இருக்கிறது தமிழ்பிராமி எழுத்து. இந்தியாவுல கிடைச்ச எழுத்துள்ள நடுகல்லுல ரொம்பப் பழசுகள்ல அதுவும் ஒண்ணு, 2000 வருஷத்துக்கும் மேல. அதுல ஒரு கல்லு, கூடல் ஊர் ஆகோள்ல இறந்த அந்தவன்ங்கிற ஆளுக்கு நட்டது. ஆகோள்னா மாட்டு மந்தையைக் கவர்ற சண்டை. அந்தக் கூடல் ஊர் நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிற கூடலூரா இருக்கலாம்னு சொல்றாங்க.

இதைப் பத்தித் தமிழ் அய்யாகிட்ட கேட்டப்ப பழைய போர் முறை எல்லாம் சொன்னாங்க. மாடு கவரப் போறவன் வெட்சிப் பூச் சூடுவான். மாட்டை மீட்கப் போறவன் கரந்தைப் பூச் சூடுவான். கோட்டையை வளைக்கிறவனுக்கு உழிஞை. கோட்டைக்கு உள்ள நின்னு காக்கிறவனுக்கு நொச்சி. கவனிச்சீங்களா? பாயுறவனுக்கு ஒரு பூன்னா, காக்கிறவனுக்கும் ஒரு பூ. "நீ சும்மாதானே நின்னே"ன்னு சொல்லி நொச்சிக்காரனுக்குப் பூ இல்லாமப் பண்ணல நம்ம முன்னோர். நாமதான் காவல் நிக்கிறவனை வீரர் கணக்குல சேர்க்காம விட்டுட்டோம்.

புலியைக் கேவலமாச் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். நமக்கு மேல நிக்கிற மேகமலையில நிஜப் புலியே இருக்கு. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல அது அஞ்சாவது காப்பகம். புலி இருக்கிற காடு நல்ல காடு. கட்டத்துலயும் புலிக்குன்னு தந்திரம் இருக்கு. நடுவை விட்டு விலகக் கூடாது, ஒரு புலி இன்னொரு புலியோட வழியை அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அதையும் கத்துக்கணும். ஆனா அது மட்டும்தான் வீரம்னு சொல்லாதீங்க.

நம்ம வகுப்பில் ஒரு காலிப் புள்ளி

இவ்வளவு நேரம் ஆட்டத்தைப் பத்திச் சொன்னது இதுக்காகத்தான்.

எங்க வகுப்பு வருகைப் பதிவேட்டுல ஒரு பேருக்கு நேரா ஜூலை மாசத்துல இருந்து வரவில்லைன்னே இருக்கு. பேர் எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். கணக்குல எங்க எல்லாரையும் விட அவதான் முதல். இப்ப விடியக்காலை ஜீப்புல மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறா. எட்டாவது வரைக்கும் அவகூட மூணு பேர் சேர்ந்து நடந்து வருவாங்க. அந்த மூணு பேரும் வேற வேற பள்ளிக்குப் போயிட்டாங்க. இந்த வருஷம் தனியா வந்தா, தனியா உட்கார்ந்தா, நாலு நாள் வரல, அப்புறம் வரவே இல்ல. "ஒரு பொண்ணுதானே, வீட்டுக் கஷ்டம், என்ன செய்ய?"ன்னு ஊர்ல சொன்னாங்க. நான்காம் தந்திரத்தை இன்னொரு தடவை படிங்க.

2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், எட்டாம் வகுப்பு முடிய இலவசக் கட்டாயக் கல்வின்னு சொல்லுது. நாங்க ஒன்பதாவது. எங்களுக்கு 14 ஆயிருச்சு, சில பேருக்கு 14 முடிஞ்சே போச்சு. இதுவரைக்கும் சட்டம் எங்க முதுகுக்குப் பின்னால நின்னுச்சு. சரியா இந்த வயசுல அந்தப் புள்ளி காலியாகுது. இனிமே அங்க யார் நிக்கிறது? பக்கத்துல இருக்கிற நாமதான் நிக்கணும்.

"நாலு பொண்ணுங்க போய் நின்னா அவ வீட்டுக் கடன் தீர்ந்துருமா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். தீராது. ஆடு புலியைக் கொல்ல முடியாது, விதியிலயே அது இல்ல. ஆட்டால முடிஞ்சது வழியை அடைக்கிறது மட்டும்தான். ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போறதுக்கு வறுமை ஒரு வழி. "பாடம் விட்டுப் போச்சு, இனிமே போனா ஒண்ணும் புரியாது" அது ஒரு வழி. "கூட நடந்து வர ஆளில்ல" அது ஒரு வழி. "நான் வரலைன்னு யாரும் கேக்கவே இல்ல" அதுவும் ஒரு வழி. முதல் வழியை அடைக்கப் பெரியவங்களும் அரசாங்கமும் வேணும். மத்த மூணையும் அடைக்க ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க போதும்.

என் கோரிக்கைகள்

ஒண்ணு. தெரு வாரியா நாலு நாலு பேரா சேருவோம். ஏன் நாலு? மூலைக்கணக்கு ஞாபகம் இருக்கா? ஒருத்தி ரெண்டு நாள் வரலைன்னா மத்த மூணு பேரும் அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போகணும். நோட்டு கொடுக்கணும். சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றது இல்ல, விட்டுப்போன கணக்கை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துட்டு வரணும்.

இரண்டு. மேல சொன்ன தோழி வீட்டுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை போவோம். ஞாயிறுன்னா ஜீப் வராது, வீட்டுல இருப்பா. வகுப்பாசிரியர் கூட வந்தா அவங்க அம்மாவும் உட்கார்ந்து பேசுவாங்க. தனியா ஒருத்தி போய்க் கேட்டா வேலைக்கு ஆகாது. சேர்ந்து போகணும்.

மூன்று. நம்ம பள்ளி வராண்டாவுல ரெண்டு ஆடுபுலிக் கட்டம் பெயிண்ட்டுல வரையணும். செஸ் போர்டு வாங்கணும்னா காசு வேணும். இதுக்கு ஒரு தூரிகையும் கொஞ்சம் மிச்சப் பெயிண்ட்டும் போதும். காய்க்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் நாங்க கொண்டு வாரோம். சாவடியில பொண்ணுங்க உட்கார்ந்து ஆட விட மாட்டேங்கிறாங்க, பள்ளியிலயாவது உட்கார எடம் வேணும். ஒவ்வொருத்தரும் ஒரு ஆட்டம் புலி, ஒரு ஆட்டம் ஆடுன்னு மாத்தி மாத்தி ஆடணும். புலியாவே ஆடிப் பழகினவனுக்கு அடைபடுறவங்களோட வலி தெரியாது. ஆடாவே ஆடிப் பழகினவளுக்கு நடுக்கட்டத்துக்கு வர்ற தைரியம் வராது. ரெண்டும் எல்லாருக்கும் வேணும்.

வெட்டுறவனுக்கு ஒரு நிமிஷத்துல பேர் வந்துரும். நின்னு காக்கிறவங்களுக்கு ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் தெரியும், கட்டத்துல எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு. இந்த வருஷக் கடைசியில நம்ம வகுப்புல எத்தனை பேர் மிச்சம் இருக்கோம்னு பாப்போம். சிந்திப்பீர், சேர்ந்து நிற்பீர்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

மூளைக்கு வேலை: 15 ஆட்டுல 3 ஆடு வெட்டுப்பட்டுப் போச்சு. மிச்சம் 12 ஆடு. இந்த 12 ஆட்டை மட்டும் வெச்சு மூணு புலியையும் ஒரே நேரத்துல அடைக்க முடியுமா? முடியும்! புலிகளை எங்க எங்க தள்ளணும்? கட்டம் வரைஞ்சு, விடை எழுதி, இந்தத் தாளுக்குக் கீழ குண்டூசியில குத்தி வைங்க. சரியான விடை எழுதுறவங்க வராண்டாவுல முதல் ஆட்டம் ஆடலாம்.